சிக்கிக்கொண்ட பேரிங் ரேஸைக் கழற்றுதல்: பட்டறைக்கான முழுமையான வழிகாட்டி

வட சென்னைப் பட்டறைகளில் பேரிங் ரேஸ், அதாவது பேரிங்கின் குண்டுகளோ உருளைகளோ ஓடும் எஃகு வளையம், சிக்கிக்கொண்ட வேலை வராத வாரம் இல்லை. துறைமுகத்துக்குப் போய்வரும் கன்டெய்னர் டிரெய்லரின் ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி), காசிமேட்டு விசைப்படகின் வின்ச், மணலி ஆலையிலிருந்து இறக்கிவைக்கப்படும் பம்பு, தண்டையார்பேட்டைச் சிறு ஆலையின் மோட்டார் என்று பொருள் மாறிக்கொண்டே இருக்கும். கடற்காற்றின் உப்பும் துருவும் மட்டும் எல்லாவற்றிலும் இருக்கும். எந்த வேலையானாலும் கருவியை எடுப்பதற்கு முன்பே மனத்தில் இருத்த வேண்டியது ஒன்று உண்டு. வெளியே வரப்போகும் ரேஸ் பழைய இரும்புக் கடைக்குப் போவது. அது உட்கார்ந்திருக்கும் ஷாஃப்டும் (தண்டு) ஹவுசிங்கும் (பேரிங்கைச் சுற்றியிருக்கும் கூடு) புதிய பேரிங்கைத் தாங்கி இன்னும் பல ஆண்டுகள் ஓட வேண்டியவை. எனவே ஒரு முறையைத் தேர்ந்தெடுக்கும்போது ரேஸ் வருமா என்று மட்டும் பார்க்காமல், சீட்டிங்கில், அதாவது ரேஸ் உட்காரும் பரப்பில், கோடு விழாமல் வருமா என்று பார்ப்பதே சரி. கீழே உள்ள ஒவ்வொரு படியும் இந்தக் கணக்கில்தான் சொல்லப்படுகிறது.

ரேஸ் ஏன் சிக்குகிறது

சில ரேஸ்கள் இறுக்கமாக இருக்க வேண்டும் என்றே வடிவமைக்கப்பட்டவை. ஒரே திசையில் நிற்கும் பாரத்தின் கீழ் எந்த ரேஸ் சுழல்கிறதோ அதை டைட்டாகவும், நிலையாக நிற்பதைச் சற்றுத் தளர்வாகவும் பொருத்துவது வழக்கம். மோட்டாரில் ஷாஃப்ட் சுழல்வதால் உள் ரேஸ் டைட். வெளி ரேஸ் கையால் தள்ளினாலே போகும். டிரெய்லர் ஹப்பில் ஹப்பே சுழல்வதால், ஹப்புக்குள் இருக்கும் கப் (வெளி ரேஸ்) டைட். ஸ்பிண்டில் (சுழலாத அச்சு) மேல் உள்ள கோன் (உள் ரேஸ்) கையால் உருவ வர வேண்டும். இதைத் தெரிந்துவைத்திருந்தால் பழுதின் பாதி கதை பார்த்த உடனே புரிந்துவிடும். மோட்டார் கவரில் வெளி ரேஸ் அசையாமல் நிற்கிறது என்றால் அது வடிவமைப்பால் அன்று, துருவால் அல்லது சூட்டால் என்று பொருள்.

எவ்வளவு டைட் என்பதையும் எண்ணில் பார்ப்பது நல்லது. 6308 பேரிங்கின் உள் விட்டம் 40 மி.மீ., வெளி விட்டம் 90 மி.மீ., அகலம் 23 மி.மீ. அதன் ஷாஃப்டை கே5 என்னும் டைட் ஃபிட் அளவில் கடைந்திருந்தால், ஷாஃப்ட் 40 மி.மீ.க்கு மேல் 2 முதல் 13 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை பெரிதாக இருக்கும். பேரிங்கின் ஓட்டை 12 மைக்ரான் வரை சிறிதாக இருக்கலாம். ஆக மொத்த இறுக்கம் 2 முதல் 25 மைக்ரானுக்குள் அடங்கிவிடுகிறது. மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்குதான் நம்மை எதிர்த்து நிற்கிறது. இதற்குப் பத்து பவுண்டு சுத்தியலைத் தூக்குவது தேவையில்லாத முரட்டுத்தனம்.

வடிவமைப்பில் இல்லாத இறுக்கம் வேறு வழிகளில் வருகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட இரு மடங்குக்கும் மேல் இடம் எடுத்துக்கொள்வதால் இடைவெளியை ஆப்பு வைத்ததுபோல் அடைத்துவிடும். லூசாகிப்போன ரேஸ் நுண்ணிய அதிர்வில் உரசும்போது செம்பழுப்புப் பொடி உண்டாகி அதுவே இறுகிப் பிடிக்கும். கிரீஸ் வற்றி ஓடிய பேரிங்கில் உள் ரேஸ் ஷாஃப்டின் மேல் வழுக்கிச் சுழன்று, உலோகம் உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். அங்கே நீல நிறம் ஏறியிருப்பதைக் காணலாம். முன்பு வேலை பார்த்தவர் பச்சை நிற ரிடெய்னிங் திரவம் ஊற்றி ஒட்டியிருந்தால், ஏறக்குறைய 250 டிகிரி செல்சியஸ் சூடு ஏறாமல் அது பெரும்பாலும் விடாது.

கை வைப்பதற்கு முன்

முதலில் டீசலில் கழுவி, கம்பி பிரஷ் போட்டு, விளக்கைப் பிடித்துச் சுற்றிலும் பார்க்க வேண்டும். கிரீஸுக்கும் துருவுக்கும் அடியில் சர்க்கிளிப் (ரேஸ் நகராமல் தடுக்கும் ஸ்பிரிங் வளையம்) ஒளிந்திருப்பது மிகச் சாதாரணம். சில ஹவுசிங்குகளில் பக்கவாட்டிலிருந்து கிரப் ஸ்குரூ ரேஸைப் பிடித்திருக்கும். சிலவற்றில் உளியால் விளிம்பைக் கொத்தி மடக்கியிருப்பார்கள். இவற்றில் ஒன்றைக் கவனிக்காமல் பிரஸ்ஸில் ஏற்றினால் முதலில் உடைவது ஹவுசிங்தான். ஸ்டெப் (ரேஸ் முட்டி நிற்கும் படி) எந்தப் பக்கம் இருக்கிறது, ரேஸ் எந்தப் பக்கமாக வெளியேற வேண்டும் என்பதை சாக்பீஸால் அம்புக்குறி போட்டு வைப்பது நல்லது. பேரிங் எண்ணைக் குறித்துக்கொண்டு, புதிய பேரிங் கடையில் இருக்கிறதா என்று உறுதி செய்த பிறகே பழையதை உடைக்கும் முறைகளுக்குப் போக வேண்டும்.

பாதுகாப்பு பற்றிச் சில சொற்கள் இங்கேயே சொல்லியாக வேண்டும். பேரிங் ரேஸ் என்பது ஏறக்குறைய ஒரு விழுக்காடு கார்பனும் ஒன்றரை விழுக்காடு குரோமியமும் கலந்த, நம் பக்கம் ஈஎன் 31 என்று வாங்கும் எஃகு. அதன் கடினம் ராக்வெல் சி அளவில் 60ஐ ஒட்டி இருக்கும். இவ்வளவு கடினமான பொருள் வளையாது, சில்லாகத் தெறிக்கும். சுத்தியலின் முகமும் கடினமானதே என்பதால் ரேஸை நேரடியாகச் சுத்தியலால் அடிப்பது கண்ணைப் பணயம் வைக்கும் செயல். கண்ணை முழுவதும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி அணியாதவர் அருகில் நிற்கக்கூடாது, வண்டிக்காரராகவே இருந்தாலும்.

காற்றுடன் டயர் மாட்டியிருக்கும் சக்கரத்தின் ஹப்பிலோ டிஸ்கிலோ ஒருபோதும் தீயோ வெல்டிங்கோ காட்டக்கூடாது. டயர் வெடித்து உயிரைப் பறிக்கும். காற்றுப் போக்கு இல்லாத உள்ளீடற்ற ஷாஃப்டைச் சூடாக்கினாலும் இதே ஆபத்து உண்டு. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் ஸ்பிரேயால் துடைத்த இடத்தில் வெல்டிங் வைத்தால் பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயு உண்டாகும். விட்டான் ரப்பர் சீல்கள் கடும் சூட்டில் சிதையும்போது வெளிவரும் அமிலம் எலும்பு வரை அரிக்கும். தீ காட்டும் முன் எல்லாச் சீல்களையும் பிடுங்கி எடுத்துவிட வேண்டும். ஆலைகளிலிருந்து வரும் பம்பு என்றால் அதனுள் என்ன ஓடியது என்று கேட்டு, நன்றாகக் கழுவி அனுப்பச் சொல்லிய பிறகே வேலையைத் தொட வேண்டும்.

எண்ணெய் விடுதல்

துருவால் சிக்கியதற்கு மட்டுமே எண்ணெய் உதவும். டைட் ஃபிட்டுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. கடையில் விற்கும் ரஸ்ட் ஸ்பிரேயும் சரி, அசிட்டோனும் ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்) ஆயிலும் சம பாகம் கலந்து நன்றாகக் குலுக்கி ஊற்றுவதும் சரி, வேலை செய்வதற்கு நேரம் கேட்கும். இரவு முழுவதும் ஊறவிட்டு, இடையிடையே பிராஸ் ராடால் மெல்லத் தட்டி அதிர்வு கொடுத்தால் எண்ணெய் உள்ளே இறங்கும். அசிட்டோன் எளிதில் தீப்பற்றுவது. அது காயாத இடத்தில் கேஸ் வெல்டிங் செட்டைப் பற்ற வைக்கக்கூடாது. காசிமேட்டு வேலைகளில் நன்றாகப் பயன்படும் இன்னொரு வழி, ஹவுசிங்கை நூறு டிகிரி அளவுக்குச் சூடாக்கி, ரேஸின் ஓரத்தில் மெழுகுவத்தியை ஒற்றுவது. உருகிய மெழுகு இடுக்கில் தானே உறிஞ்சப்பட்டு உள்ளே போவதைக் கண்ணால் பார்க்கலாம். இரண்டு மூன்று முறை சூடாக்கி ஆறவிட்டாலே துருவின் பிடி விரிசல் விடும்.

ஷாஃப்டில் நிற்கும் உள் ரேஸ்

பெரும்பாலும் பேரிங்கின் வெளி ரேஸைப் பிடித்து இழுக்கும்போது கேஜ் (குண்டுகளைப் பிரித்து நிறுத்தும் கூண்டு) உடைந்து, குண்டுகள் கொட்டி, உள் ரேஸ் மட்டும் ஷாஃப்டில் தங்கிவிடும். அதன் பின்னால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளியாவது இருந்தால் பேரிங் செப்பரேட்டரின் கத்தி முனையை இருபுறமும் நுழைத்து, போல்டுகளை மாற்றி மாற்றி முறுக்கி, இழுத்துக் கழற்றும் கருவியான புல்லரை மாட்டலாம். இரண்டு கால் புல்லரைவிட மூன்று கால் புல்லர் நேராக இழுக்கும். ஷாஃப்ட் முனையில் உள்ள சென்டர் ஓட்டை நசுங்காதபடி இடையில் ஒரு பித்தளைத் துண்டை வைப்பதை மறக்கக்கூடாது. அந்தச் சென்டர் கெட்டால் பிறகு லேத்தில் ஓட்டிப் பார்க்க ஆதாரமே இருக்காது.

புல்லரை முறுக்கி இறுக்கிய பிறகும் ரேஸ் நகரவில்லை என்றால் மேலும் முறுக்கக்கூடாது. அந்த இழுவையை அப்படியே வைத்துக்கொண்டு சூடு காட்ட வேண்டும். எஃகு ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டருக்கு, ஏறக்குறைய 12 மைக்ரான் விரியும். 40 மி.மீ. ஓட்டையுள்ள ரேஸ் ஷாஃப்டைவிட 150 டிகிரி அதிகம் சூடானால் 0.072 மி.மீ. விரிகிறது, இறுக்கமோ அதிகபட்சம் 0.025 மி.மீ. எனவே கணக்குப்படி ரேஸ் வந்தே தீர வேண்டும், ஷாஃப்ட் சூடாகாமல் இருந்தால். வெற்றி தோல்வி முழுவதும் இந்த ஒரு நிபந்தனையில்தான் இருக்கிறது. ஷாஃப்டின் இருபுறமும் ஈரச் சாக்கைச் சுற்றி, பெரிய சுடரை ரேஸின் மேல் மட்டும் வேகமாகச் சுழற்றி, அரை நிமிடம் ஒரு நிமிடத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும். சிறிய சுடரைப் பத்து நிமிடம் பிடித்துக்கொண்டிருந்தால் சூடு உள்ளே ஊறி, ரேஸும் ஷாஃப்டும் சேர்ந்தே விரியும். பயன் இருக்காது, ஷாஃப்ட் கோணுவதும் உண்டு. இழுவையில் இருக்கும் ரேஸ் சட்டென்று பெரிய சத்தத்துடன் கழலும் என்பதால் ஷாஃப்டின் முனைக்கு நேராக யாரும் நிற்கக்கூடாது. இண்டக்‌ஷன் ஹீட்டர் இருந்தால் அதுவே மேல்.

ஹவுசிங்கில் நிற்கும் வெளி ரேஸ்

ஹவுசிங்கின் பின்புறத்திலிருந்து பார்க்கும்போது ரேஸின் விளிம்பு தெரிந்தால் வேலை எளிது. பல ஹப்புகளில் இதற்காகவே ஸ்டெப்பில் எதிரெதிரே இரண்டு பள்ளம் விட்டு வார்த்திருப்பார்கள். கடினப்படுத்தாத எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) கம்பியையோ பித்தளைக் கம்பியையோ அந்தப் பள்ளத்தில் நிறுத்தி, ஒரு தட்டு இந்தப் பக்கம், ஒரு தட்டு எதிர்ப்பக்கம் என்று மாற்றி மாற்றித் தட்ட வேண்டும். ரேஸ் கோணலாகிவிட்டால் சத்தம் மாறும், தட்டும் எகிறும். அப்போது இன்னும் ஓங்கி அடிப்பதுதான் ஹவுசிங்கில் கோடு விழச் செய்யும் தவறு. உயர்ந்து நிற்கும் பக்கத்தை மேலிருந்து தட்டி, நேராக்கி, மறுபடி தொடங்க வேண்டும்.

அலுமினிய ஹவுசிங் என்றால் தட்டவே தேவையில்லை. அலுமினியம் எஃகைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும், டிகிரிக்கு மீட்டருக்கு 23 மைக்ரான். 6308 உட்காரும் 90 மி.மீ. ஓட்டை 30 டிகிரியிலிருந்து 110 டிகிரிக்குச் சூடானால் 0.166 மி.மீ. விரிகிறது, ரேஸும் அதே சூட்டை அடைந்தாலும் 0.086 மி.மீ. தான் விரிகிறது. மீதமுள்ள 0.08 மி.மீ. இடைவெளியில் கவரைக் கவிழ்த்து மரப்பலகையில் தட்டினால் ரேஸ் தானே விழும். சூட்டை அடுப்பிலோ ஓவனிலோ சீராக ஏற்றுவது நல்லது. தீயை ஒரே இடத்தில் பிடித்தால் வார்ப்பு கோணும். தண்ணீர்த் துளி விட்டவுடன் சொய்யென்று ஆவியானால் நூறைத் தாண்டிவிட்டது என்று பொருள். 150 டிகிரிக்கு மேல் போக வேண்டாம். உறுதிக்காகச் சூட்டுப் பக்குவம் செய்த அலுமினியம் அதன் பிறகு பலம் இழக்கத் தொடங்கும். இன்னும் சிறிது உதவி வேண்டுமானால், காசிமேட்டு ஐஸ் ஆலையில் வாங்கிய உடைத்த ஐஸை ஒரு தகர டப்பாவில் அடைத்து ரேஸின் உள்ளே வைக்கலாம். 90 மி.மீ. ரேஸ் 30 டிகிரி குளிர்ந்தால் 0.03 மி.மீ. சுருங்கும்.

வார்ப்பிரும்பு ஹவுசிங்குக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. வார்ப்பிரும்பும் ரேஸும் ஏறக்குறைய ஒரே அளவில் விரிவதால், இரண்டையும் சேர்த்துச் சூடாக்கினால் இறுக்கம் அப்படியேதான் இருக்கும். இதைத் தெரியாமல் ஹப்பைச் செந்தணல் ஆகும் வரை காய்ச்சுவதைப் பல இடங்களில் பார்க்க முடிகிறது. அதனால் வார்ப்பு விரிசல் விடுவதுதான் மிச்சம்.

பின்புறம் மூடிய ஓட்டையில் ரேஸ் நின்றால், உள்ளிருந்து விரிந்து பிடிக்கும் இன்டர்னல் புல்லரும் ஸ்லைடு ஹேமரும் வேண்டும். பிடிப்பதற்கு விளிம்பே இல்லாதபோதும், பின்புறம் சிறிய ஓட்டையாவது இருந்தால், ரேஸின் உள் விட்டத்துக்குச் சற்றுக் குறைவான பட்டை இரும்பைக் குறுக்கே வைத்து இரு முனைகளையும் ரேஸோடு வெல்டு செய்து, பின்னாலிருந்து அந்தப் பட்டையைத் தட்டலாம்.

வெல்டிங் கோடு போட்டு இறக்குதல்

வார்ப்பிரும்பிலும் எஃகிலும் சிக்கிய வெளி ரேஸுக்கு இதைவிட நல்ல முறை எனக்குத் தெரிந்து இல்லை. ரேஸின் உள்பக்கத்தில் சுற்றிலும் ஒரு வெல்டிங் கோடு போடும்போது, அந்த இடம் காய்ந்து விரிய முயல்கிறது. வெளியே குளிர்ந்த ஹவுசிங் அதை விரிய விடாமல் நெருக்குவதால், மென்மையான நிலையில் உலோகம் தனக்குள்ளேயே நசுங்கிவிடுகிறது. ஆறும்போது அது முன்பிருந்ததைவிடச் சிறிதாகச் சுருங்கி, ரேஸைச் சுற்றிலும் உள்நோக்கி இழுக்கிறது. வண்டிச் சக்கரத்தில் இரும்புப் பட்டாவைக் காய்ச்சி மாட்டி ஆறவிடும்போது அது மரத்தை இறுக்குவதற்குக் காரணமும் இந்தச் சுருக்கமே.

ஒரு டிரெய்லர் ஹப்பின் கப்பை எடுத்துக்கொண்டு வரிசையாகச் சொல்கிறேன். ஹப்பைத் தனியாகக் கழற்றி, கப்பின் அகன்ற வாய் மேலே பார்க்கும்படி மேசையில் வைக்க வேண்டும். ஏ.பி.எஸ். பிரேக்கின் சென்சார் வளையம் இருந்தால் முன்பே எடுத்துவிட வேண்டும். கிரீஸைச் சுரண்டி, டீசலில் கழுவி, பழைய துணியால் துடைத்து, முழுவதும் உலரவிட வேண்டும். மிச்சமிருக்கும் கிரீஸ் புகைந்து கண்ணை மறைக்கும், கோட்டிலும் ஓட்டை விழும். எர்த் கிளாம்பை அந்த ஹப்பிலேயே, கப்புக்கு அருகில் பிடிக்க வேண்டும். மின்னோட்டம் வேறொரு நல்ல பேரிங் வழியாகப் போனால் அதன் ரேஸில் புள்ளி புள்ளியாகப் பள்ளம் விழுந்துவிடும். மற்றச் சீட்டிங்குகளின் மேல் தெறிப்பு படாதபடி ஈரத் துணியைப் போர்த்திவிட வேண்டும்.

2.5 மி.மீ. ராடுக்கு 80 ஆம்பியர் அளவில் வைத்து, ரோலர் ஓடும் பாதையின் நடுவில் கோட்டைத் தொடங்க வேண்டும். கப்பின் வாய்ப்பக்க விளிம்பு மெல்லியது. அங்கே ஆர்க் பட்டால் ஊடுருவி ஹவுசிங்கோடு ஒட்டிவிடும், அப்புறம் வந்த வேலையைவிடப் பெரிய வேலை ஆகிவிடும். வேகம் நிதானமாக, கோட்டின் அகலம் ஒரே சீராக இருக்க, பாதிச் சுற்று போட்டுவிட்டுத் தாமதிக்காமல் மறு பாதியையும் முடிக்க வேண்டும். தண்ணீர் ஊற்றாமல் தானே ஆறவிட வேண்டும். ஆறும்போது காதைக் கொடுத்துக் கேட்டால் டிக் டிக்கென்று சத்தம் வரும். ரேஸ் ஹவுசிங்கை விட்டுப் பிரிகிற சத்தம் அது. கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஹப்பை இரண்டு மரக்கட்டையின் மேல் கவிழ்த்து லேசாகத் தட்டினால் கப் விழுந்துவிடும். முதல் கோட்டில் விழவில்லை என்றால் அதன் பக்கத்திலேயே இரண்டாவது கோடு.

இந்த முறையை ஷாஃப்டில் நிற்கும் உள் ரேஸில் அப்படியே செய்யக்கூடாது. அங்கே கோடு ஆறும்போது ரேஸ் ஷாஃப்டின் மேல் இன்னும் இறுகும்.

அரைத்து உடைத்தல்

சூடும் இழுவையும் பலிக்காத உள் ரேஸுக்கு இதுவே கடைசி வழி. ஷாஃப்டின் மற்றப் பகுதியைத் தடித்த துணியால் மூடி, நாலு இஞ்ச் கிரைண்டரில் மெல்லிய கட்டிங் டிஸ்கைப் போட்டு, ரேஸின் அகலம் முழுவதும் ஒரு பள்ளம் வெட்ட வேண்டும். தடிமனில் முக்கால் பங்கு வெட்டியதும் நிறுத்திவிட வேண்டும். மீதத்தை அரைத்தே தீர்ப்பேன் என்று போகிறவர்தான் ஷாஃப்டில் கோடு போடுகிறார். நிறம் வைக்கோல் நிறத்திலிருந்து நீலத்துக்கு மாறினால் இடைவெளி விட்டு ஆறவிட வேண்டும். பிறகு பள்ளத்தில் உளியை நிறுத்தி, துணியால் மூடி, ஒரே ஓங்கிய அடி அடித்தால் ரேஸ் டப்பென்று பிளந்துவிடும். கடினமான எஃகு வளையாது என்று முன்னே சொன்ன குணம் இங்கே நமக்குச் சாதகமாக வேலை செய்கிறது. பிளக்கவில்லை என்றால் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு பள்ளம் வெட்ட வேண்டும்.

ஹவுசிங்குக்குள் இருக்கும் ரேஸையும் பென்சில் கிரைண்டரால் இவ்வாறே வெட்டலாம். லேத்தில் குடைந்து எடுப்பதென்றால் நாலு ஜா சக்கில் டயல் கேஜ் வைத்து நேர் பார்த்து, கார்பைடு அல்லது சி.பி.என். (போரான் நைட்ரைடு) டூலால் மெல்லிய கட் எடுக்க வேண்டும், எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூல் இந்தக் கடினத்தின் முன் நிற்காது. மெல்லிய ஓடாகத் தேய்ந்ததும் ரேஸ் தானே தளர்ந்து சுருண்டு வரும், முழுவதும் குடைய வேண்டியதில்லை.

சீட்டிங்கைச் சோதித்தல்

"மேஸ்திரி, கப் வந்துடுச்சில்ல, புதுசைப் போட்டுக் குடுங்க, வண்டி போகணும்" என்று டிரைவர் நிற்பார். அவருடைய அவசரம் நியாயமானது. ஆனால் இந்தக் கால் மணி நேரத்தை விட்டுக்கொடுக்கக்கூடாது. சீட்டிங்கை மெல்லிய எமரி தாளால் துடைத்து, மேடான பிசிறுகளை மட்டும் எடுத்து, ஷாஃப்டை மைக்ரோமீட்டராலும் ஓட்டையை போர் கேஜாலும் முனை, நடு, அடி என மூன்று இடங்களில், ஒவ்வொன்றிலும் செங்குத்தான இரு திசைகளில் அளக்க வேண்டும். விரிசல் சந்தேகம் இருந்தால் மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டுத் துடைத்து, சாக்பீஸ் பொடி தூவினால் விரிசல் இருக்கும் இடத்தில் ஈரக்கோடு தெரியும்.

அளவு தாண்டிப்போன சீட்டிங்கில் சென்டர் பஞ்ச்சால் புள்ளி குத்தி டைட் பண்ணிக் கொடுக்கும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். புதிய ரேஸ் அந்தப் புள்ளிகளின் நுனியில் மட்டுமே நிற்கும்; சில நாள் ஓட்டத்தில் நுனிகள் நசுங்கி மறுபடி லூசாகும், அதற்குள் ரேஸும் வட்டம் கெட்டிருக்கும். இடைவெளி மிகக் குறைவாக இருந்தால் ரிடெய்னிங் திரவமும், அதிகமாக இருந்தால் ஓட்டைக்கு ஸ்லீவும், ஷாஃப்டுக்கு மெட்டல் ஸ்பிரேயோ ஸ்லீவோ போட்டு மறுபடி அளவுக்குக் கடைவதும்தான் சரியான வழி.

புதிய கப்பை இறக்க, கழற்றிய பழைய கப்பையே கருவியாக்கிக்கொள்ளலாம். அதன் வெளி விட்டத்தைக் கிரைண்டரில் சிறிது குறைத்து, ஓரிடத்தில் குறுக்கே வெட்டிவிட்டால் அது ஹவுசிங்கில் சிக்காது. அதைப் புதிய கப்பின் மேல் வைத்துப் பிரஸ்ஸில் அழுத்தினால் சுற்றிலும் ஒரே சீராக இறங்கும். அடியில் உட்கார்ந்ததும் கப்புக்கும் ஸ்டெப்புக்கும் இடையில் 0.05 மி.மீ. ஃபில்லர் கேஜை நாலு பக்கமும் நுழைத்துப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் நுழைந்தாலும் கப் கோணலாக நிற்கிறது என்று பொருள். அதை எடுத்துவிட்டு, ஸ்டெப்பில் ஒட்டியிருக்கும் அழுக்கையோ பிசிறையோ நீக்கிய பிறகே மறுபடி இறக்க வேண்டும்.